அரசுப் பள்ளியிலிருந்து உறைவிடப் பள்ளிக்கு மகளை மாற்றலாமா? நீட், ஜே.இ.இ., கட்-ஆஃப் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாவுநூல் | குமாரபாளையம்

எல்லோருக்கும் வணக்கம். குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு ஓட்டுகிறேன். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500க்கு 471 வாங்கியிருக்கிறாள். முடிவு வந்த மறுநாளே ஓர் உறைவிடப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு ஆண்டும் நீட் பயிற்சியோடு சேர்த்து, விடுதிச் செலவும் அடக்கம், மூன்றே முக்கால் லட்சம் என்கிறார்கள். மதிப்பெண்ணுக்காகக் கொஞ்சம் குறைத்த பிறகு இந்தத் தொகை. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால்தான் இடம் உறுதியாம்.

வீட்டில் இருக்கும் நகையை வைத்தால் முதல் தவணை வரும். மைத்துனர் கட்டிவிடு என்கிறார். நான் எட்டாவதோடு நின்றவன். நீட், ஜே.இ.இ., கியூட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இவற்றில் எது யாருக்கு? எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? பள்ளியை மாற்றாவிட்டால் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்தவனாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

கணக்கு வாத்தியார் | கோபிசெட்டிபாளையம்

தம்பி, முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அப்படியே பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே முடித்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுவாள். 2020இல் மருத்துவத்துக்கு வந்த ஒதுக்கீடு அது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்த அன்றே இந்தத் தகுதி போய்விடும். ஐந்தாண்டு அரசுப் பள்ளியில் படித்தது கணக்கில் வராது.

அதோடு புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போகும். கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை வரும் தொகை அது. வீட்டுக்கு வந்த ஆள் இதைச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். நான் பார்த்த எந்தப் பெற்றோரிடமும் யாரும் சொன்னதில்லை. கட்டணம் கட்டி, டி.சி. வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் வருகிறது.

பாவுநூல்

ஐயா, இது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. மாதம் ஆயிரம் ரூபாய் கேள்விப்பட்டிருக்கிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்பது தெரியாது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினால்?

கணக்கு வாத்தியார்

உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால் இப்போது புதுமைப் பெண் தொகை உண்டு, 7.5 கிடையாது. இரண்டும் வெவ்வேறு விதி. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

நொய்யல்கரை | திருப்பூர்

வாத்தியார் ஐயா சொல்லும் ஒதுக்கீட்டு விவரம் சரி. ஆனால் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். என் மகன் திருச்சி என்.ஐ.டி.யில் படிக்கிறான். பயிற்சி இல்லாமல் ஜே.இ.இ. தாள் அவனுக்குப் புரிந்தே இருக்காது. பள்ளித் தேர்வில் பாடப் பின்பக்கக் கேள்வி வரும், எழுதிவிடலாம். அங்கே ஒரே கேள்வியில் இயக்கவியலும் மின்னியலும் கலந்து வரும். அதற்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். நீட்டில் தேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் எங்காவது பயிற்சிக்குப் போனவர்களாகவே இருப்பார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பயிற்சி தேவையில்லை என்று நாம் சொன்னால், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கே அந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று பொருள்.

கணக்கு வாத்தியார்

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையும் அதையேதான் சொன்னது: பயிற்சிக்குப் பணம் உள்ளவர்களுக்கும், மறுபடி மறுபடி எழுத வசதி உள்ளவர்களுக்கும் நீட் சாதகமாக இருக்கிறது. பயிற்சி வேண்டும். அதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அரசுப் பள்ளிகளிலேயே நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் இலவசப் பயிற்சி நடக்கிறது. எல்லா ஊரிலும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன், சில பள்ளிகளில் பெயருக்கு நடக்கிறது. அதனால்தான் மாவட்டந்தோறும் இருக்கும் அரசு மாதிரிப் பள்ளியைப் பற்றிக் கேட்கச் சொல்கிறேன். விடுதியோடு படிக்கலாம், அதுவும் அரசுப் பள்ளியே, 7.5 தகுதியும் போகாது. தலைமையாசிரியரிடம் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

ஆனைமலைச்சாரல் | பொள்ளாச்சி

எல்லோரும் நீட் நீட் என்றே பேசுகிறீர்களே, அந்தப் பெண் டாக்டராக வேண்டும் என்று சொன்னாளா? பாவுநூல் அண்ணா எழுதியதில் மைத்துனர் சொன்னது இருக்கிறது, பள்ளிக்காரர் சொன்னது இருக்கிறது. பிள்ளை சொன்னது எங்கே?

பாவுநூல்

கேட்கிறேன் அக்கா. நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றால் டாக்டர் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். அவளும் மறுத்துப் பேசியதில்லை.

மலையடிவாரம் | அந்தியூர்

அண்ணா, நான் அரசுப் பள்ளியில் படித்து 7.5 ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள். இப்போது மூன்றாமாண்டு. நீட் தாள் எப்படி இருக்கும் என்று எழுதுகிறேன், உங்கள் மகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மொத்தம் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியலில் 90, இயற்பியலில் 45, வேதியியலில் 45. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 குறையும். பாதி மதிப்பெண் உயிரியலில்தான் இருக்கிறது. அதை முதல் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டால் இயற்பியலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் விழுவது இயற்பியலில். பாடம் தெரியாததால் விழுவதில்லை. ஒரு கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுப் பழகாததால் விழுகிறார்கள்.

தமிழில் எழுதலாம். ஆனால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே இருக்கும், முரண் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே செல்லும். 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் நான் தமிழ்ப் புத்தகத்தையும் மத்தியப் பாடத்திட்டத்தின் என்.சி.இ.ஆர்.டி. ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் இரண்டு மொழியிலும் நோட்டு எழுதினேன். தொடக்கத்தில் மெதுவாகத்தான் போகும், பொங்கலுக்குள் பழகிவிடும்.

இன்னொன்று. "தகுதி பெற்றுவிட்டாள்" என்பதும் "இடம் கிடைத்துவிட்டது" என்பதும் ஒன்றில்லை. 2025இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 144. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. அதைத் தாண்டியவர்களையெல்லாம் "எங்கள் பள்ளியில் இத்தனை பேர் நீட் வெற்றி" என்று பிளக்ஸில் போடுவார்கள். அதில் எத்தனை பேர் அரசு மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கு வாத்தியார்

அருமை அம்மிணி. மதிப்பெண் குறையும் விதி பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் மைனஸ் என்றாலே நடுங்கிப்போய், பாதி தெரிந்த கேள்வியையும் விட்டுவிடுகிறார்கள்.

நான்கு விடைகளில் ஒன்றுமே தெரியாமல் குறித்தால், சராசரியாக நான்கு முறைக்கு ஒரு முறை 4 கிடைக்கும், மூன்று முறை 1 போகும். ஆக நான்கு கேள்விக்கு 1 மதிப்பெண் மிச்சம். ஒரு கேள்விக்குக் கால் மதிப்பெண். அதற்காகக் குருட்டாம்போக்கில் குறிக்கச் சொல்லவில்லை, தனி ஒருத்தியின் தாளில் சராசரி கைகொடுக்காது. ஆனால் இரண்டு விடைகள் நிச்சயம் தவறு என்று தெரிந்துவிட்டால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பதற்குச் சராசரியாக ஒன்றரை மதிப்பெண் லாபம். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வருவது நஷ்டம். இதை வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடுகிறது.

தேர்வுக்குத் தேர்வு இது மாறும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கான கியூட்டில் சரிக்கு 5, தவறுக்கு 1. சட்டப் படிப்புக்கான கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்குக் கால். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் குறைப்பே இல்லை, அங்கே ஒரு கேள்வியைக்கூட விடக் கூடாது. எந்தத் தேர்வு எழுதினாலும் முதலில் இந்த விதியைப் படிக்க வேண்டும்.

நொய்யல்கரை

ஜே.இ.இ. விவரத்தையும் எழுதிவிடுகிறேன், இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும். என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான மெயின் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும், இரண்டில் எது நன்றாக வந்ததோ அதை எடுத்துக்கொள்வார்கள். தமிழிலும் எழுதலாம். அதில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வருபவர்கள் அட்வான்ஸ்டு எழுதலாம். அது ஐ.ஐ.டி.க்கு, ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்தவருக்கு, ஆகவே திருச்சியில் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 65.

வீட்டில் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. மகனுக்கு 90 பெர்சென்டைல் என்று வந்தபோது உறவினர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டான் என்று இனிப்புக் கொடுத்தார்கள். பத்து லட்சம் பேர் எழுதினால், 90 என்பது ஒரு லட்சம் பேர் உங்களுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று பொருள். 99 என்றாலும் பத்தாயிரம் பேர் முன்னால் இருக்கிறார்கள்.

மஞ்சள்மண்டி | ஈரோடு

அறிவியல் குரூப்பைத் தாண்டி யாருமே பேசவில்லை. ஈரோடு, திருப்பூர், கரூர் மூன்றும் கணக்குப்பிள்ளை இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாத ஊர்கள். வணிகவியல் படித்த பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம். பத்தாவது முடித்தவுடனேயே பதிவு செய்துகொள்ள முடியும். நான்கு தாள், 400 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் பாதி எடுத்தால் தேர்ச்சி. எத்தனை பேர் தேறினாலும் இடம் உண்டு, அடுத்தவரை முந்த வேண்டிய போட்டி இதில் இல்லை. நீட் பயிற்சிக்கு ஆகும் செலவில் ஒரு பங்குகூட ஆகாது. கடினம்தான், இறுதித் தேர்வு வரை தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு. தமிழில் எழுத முடியாது என்பதும் ஒரு குறை. ஆனாலும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை வணிகவியல் எடுத்தால் "பாவம், என்ன ஆயிற்று?" என்று கேட்கும் வழக்கத்தை நம் பக்கத்தில் விட்டொழிக்க வேண்டும்.

ஆனைமலைச்சாரல்

எங்கள் அண்ணன் மகள் வெளிநாட்டுக் கல்லூரியில் சேர எஸ்.ஏ.டி. தேர்வு எழுதினாள். இப்போது முழுக்கக் கணினியில், 1600 மதிப்பெண், தவறுக்குக் குறைப்பு இல்லை. இங்கே கேட்டவருக்கு அது தேவைப்படாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கணக்கு வாத்தியார்

பாவுநூல் தம்பி, எல்லாத் தேர்வையும் எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம் மாநிலத்தில் பெரும்பாலான கதவுகள் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே திறக்கும். ஒரு காலத்தில் இங்கும் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத் தேர்வு இருந்தது. 1984இல் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகம் என்று பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழு சொன்னதை ஏற்று, 2006இல் சட்டம் போட்டு நீக்கினார்கள். அதனால்தான் கோவை ஜி.சி.டி.க்கோ சேலம் அரசு பொறியியல் கல்லூரிக்கோ போக இன்றைக்கும் தனித்தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரி, செவிலியர் படிப்பு, பி.பார்ம்., கோவையிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகள், கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண்தான். முதல் பட்டதாரி என்றால் பொறியியலில் கட்டணச் சலுகையும் உண்டு, அந்தச் சான்றிதழை இப்போதே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

இதனால்தான் உறைவிடப் பள்ளி விஷயத்தில் எனக்குக் கவலை. நீட் பயிற்சி என்ற பெயரில் பிளஸ் டூ பாடத்தை ஒதுக்கிவிட்டால், நீட்டும் கிடைக்காமல் கட்-ஆஃபும் இல்லாமல் பிள்ளை வெறுங்கையோடு நிற்பாள். முன்பெல்லாம் பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லது. ஆனால் பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெற்றோரும்தான். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது. அது தெரியாத பிள்ளை கல்லூரி முதலாண்டில் அழுகிறது.

பாவுநூல்

இது பாவுநூல் கணக்குதான், எழுதுவது மகள். அப்பா எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். எல்லோருக்கும் நன்றி.

எனக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அப்புச்சி ஊரில் எருமையும் ஆடும் இருக்கின்றன. கன்று ஈன முடியாமல் ஓர் எருமை கிடந்தபோது நாமக்கல்லிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்து காப்பாற்றினார். அன்றிலிருந்து இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டருக்குத்தான் மரியாதை என்று வீட்டில் சொன்னதால் வாய் திறக்கவில்லை. கால்நடை மருத்துவத்துக்கு நீட் எழுத வேண்டுமா? எந்த குரூப் எடுக்க வேண்டும்?

ஆனைமலைச்சாரல்

கண்ணு, நீயே வந்து எழுதியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! எங்கள் தோட்டத்து மாடுகளுக்கு நல்ல மருத்துவர் கிடைப்பது இன்றைக்கும் பெரும் பாடு.

மலையடிவாரம்

தங்கை, மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கிறது. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கட்-ஆஃப். படிப்பு ஐந்தரை ஆண்டு. நாமக்கல், உடுமலைப்பேட்டை, தலைவாசல் மூன்றிலும் கல்லூரி இருக்கிறது. 7.5 ஒதுக்கீடும் உண்டு. அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். கட்-ஆஃப் மிக உயரத்தில் நிற்கும், ஒவ்வொரு அரை மதிப்பெண்ணுக்கும் ஆள் இருக்கும். அதனால் பள்ளிப் பாடத்தை வரி விடாமல் படி. பாடம் ஒன்றுதான் என்பதால் நீட்டையும் எழுதிப் பார், ஆனால் அதற்காக ஒரு நாள் பள்ளிக்கும் மட்டம் போடாதே. என்னிடம் இருக்கும் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகங்களை உனக்கு அனுப்பி வைக்கிறேன், தனிச்செய்தியில் முகவரி போடு.

கணக்கு வாத்தியார்

உயிரியலோடு கணிதமும் இருக்கும் முதல் குரூப்பை எடு அம்மிணி. கால்நடை, வேளாண்மை, நீட், பொறியியல் நான்குக்கும் அது போதும். கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பொறியியல் கதவு மூடிவிடும். கணக்குக் கடினமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேள், கைப்பேசியிலேயே சொல்லித்தருகிறேன். பிளஸ் ஒன்னில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் எழுது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடம்தான் வரும். தேர்வானால் பட்டப்படிப்பு வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.

பாவுநூல்

ஐயா, இப்போது எழுதுவது நான்தான். உறைவிடப் பள்ளிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மைத்துனருக்கு வருத்தம், பரவாயில்லை. நாளை பள்ளியில் முதல் குரூப்புக்கு எழுதிக்கொடுக்கப் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம். தமிழ் வழியிலேயே தொடரலாமா, ஆங்கில வழிக்கு மாற்றச் சொல்லலாமா? வழி மாற்றினால் 7.5 போகுமா?

கணக்கு வாத்தியார்

வழி மாற்றினால் 7.5 போகாது, பள்ளி அரசுப் பள்ளியாக இருந்தால் போதும். ஆனால் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்திருந்தால், அந்தத் தகுதிக்கான அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை கிடைக்கும். பத்து ஆண்டு தமிழில் யோசித்த பிள்ளை, புதுப்பாடத்தையும் புதுமொழியையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ் வழியிலேயே தொடரட்டும். மலையடிவாரம் சொன்னதுபோல் கலைச்சொற்களை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதிவரட்டும். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம்தான், அதற்கு அந்த நோட்டு உதவும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, பெயரும் முதலெழுத்தும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அதற்காக அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.